வேப்பகுண்டாவின் வற்றாத திரை

வேப்பகுண்டா கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் எல்லாமே முறைப்படி இருந்தது. கட்டடம் இருந்தது, மோட்டார் இருந்தது, சுற்றுச்சுவரில் திட்டத்தின் பெயர் இரண்டு மொழியில் இருந்தது. தரைக்கடியில் பெரிய தொட்டியும் இருந்தது. அதில் சில நாள் தண்ணீரும் இருந்தது. இல்லாதது கம்ப்யூட்டர் திரை ஒன்றுதான். திரை இல்லாத மோட்டாரை இந்தக் காலத்தில் யார் மதிக்கிறார்கள்? ஆகவே பொதுமக்கள் நலன் கருதி ஒரு திரை வைப்பதென்று மேலிடம் முடிவெடுத்தது.

அதை வரைய வந்தவள் தேவசேனா. விஜயபுரம் பக்கத்துப் பெண், ஆட்டோமேஷன் என்ஜினீயர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வேலையை நிரந்தரமாக்கும் ஆர்டர் மட்டும் கைக்கு வரவில்லை. அது வர வேண்டுமென்று அவள் அம்மா செங்கம்மா, பஸ் போகிற வழியில் தென்பட்ட சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தாள்.

தேவசேனா படித்த பாடம் இதுதான்: திரை அடக்கமாக, சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். எல்லாம் நல்லபடி நடக்கும்போது அது வாயைத் திறக்கக்கூடாது. கோளாறு வந்தால் மட்டும் சிவப்பு பளிச்சென்று தெரிய வேண்டும். அப்படியே வரைந்தாள். நடுவில் தொட்டி, உள்ளே தண்ணீர் குறைந்தால் படத்திலும் குறையும். ரொம்பக் குறைந்தால் சிவப்பாகி அலாரம் அடிக்கும், மோட்டார் தானே நின்றுவிடும்.

எக்சிக்யூட்டிவ் என்ஜினீயர், சுருக்கமாக ஈ.ஈ., சந்திரசேகர் வந்து பார்த்தார். சித்தூர்க்காரர். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரையின் முன்னால் நின்றார்.

"ஏம்மா, யார் வூட்ல எழவு?"

"சார்?"

"ஒரே சாம்பலா கீதே! பெத்த சார் வந்து திறக்கப்போறாரு, நீ இன்னாடான்னா சுடுகாடு வரைஞ்சி வெச்சிருக்க."

பெத்த சார் என்றால் அவருக்கும் மேலே, ரொம்ப மேலே இருக்கிற பெரிய அதிகாரி.

"கலர் கம்மியா இருந்தாதான் சார் கோளாறு கண்ணுல படும்."

"கோளாறு ஏம்மா கண்ணுல படணும்?"

தேவசேனா படித்த பாடத்தை மூடிவைத்துவிட்டுக் கலர் பெட்டியைத் திறந்தாள்.

மறுநாள் திரையில் கோபுரம் எழுந்தது. நாலு ஓரமும் சாமந்தி மாலை தொங்கியது. மோட்டார் படத்துக்குத் தலையில் சக்கரம் சுற்றியது. தொட்டிக்குள் இரண்டு மீன் துள்ளின. ஈ.ஈ. முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்துத் தொட்டியில் தண்ணீர் இறங்கியது, படத்திலும் இறங்கியது. மீன் இரண்டும் தரையில் துள்ளின.

ஈ.ஈ. துள்ளி எழுந்தார். "ஐயையோ, காலிக் குடம்!"

"குடம் இல்ல சார், தொட்டி."

"காலியாச்சின்னா எல்லாம் ஒண்ணுதாம்மா. பெத்த சார் உள்ள கால் வைக்கறப்போ எதிர்ல காலிக் குடம் வரலாமா? எப்பவும் நெறகுடமா இருக்கற மாதிரி மாத்து."

"நெசத்துல கொறைஞ்சா?"

"நெசம் பூமிக்கடியில கெடக்குது. யாரு எட்டிப் பாக்கப் போறாங்க?"

தொட்டி நிறைந்தது. அன்றிலிருந்து குறையவே இல்லை.

அடுத்தது அலாரம். ஆபரேட்டர் ரமணா அந்த ஊளைச் சத்தம் தாங்காமல் ஸ்பீக்கரில் பஞ்சு வைத்திருந்தார். "மேடம் காரு, மத்தியானம் கண்ணசர முடியலண்டி" என்பது தெலுங்கு கலந்த அவர் தரப்பு. ஈ.ஈ. யோசித்தார். விசேஷ வீட்டில் ஊளை எதற்கு? ரமணாவின் மகள் கல்யாண வீடியோவிலிருந்து கெட்டிமேளம் எடுத்து அந்த இடத்தில் வைத்தார்கள். சிவப்பு விளக்கு பச்சையானது. பஞ்சு வெளியே வந்தது.

"மோட்டார் தானா நிக்கும்னியே, அதையும் எடுத்துடு" என்றார் ஈ.ஈ. "பெத்த சார் போடப்போற சுவிட்சு. நடுவுல நின்னா அவருக்கு அவமானம் இல்லையா?"

"தண்ணியில்லாம ஓடுனா எரிஞ்சிபூடும் சார்."

ஈ.ஈ. தன் சட்டைப் பையைத் தட்டினார். "உன் ஆர்டரு இங்கதாம்மா கீது. விழா நல்லபடியா முடியட்டும்."

தேவசேனா அதையும் எடுத்தாள்.

விழா நாள். பெத்த சார் வந்தார், திரையைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். "பேஷ்! கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்று சுவிட்சைத் தட்டினார். மோட்டார் உறுமியது. கொஞ்ச நேரத்தில் கெட்டிமேளம் முழங்கியது.

அந்த மேளத்துக்குத் தொட்டி வற்றிவிட்டதென்று அர்த்தம் என்பது அந்த அறையில் தேவசேனா ஒருத்திக்குத்தான் நினைவிருந்தது. மற்றவர்கள் எழுந்து நின்று அட்சதை தூவினார்கள். மேளம் நிற்கவில்லை, அட்சதையும் நிற்கவில்லை. மோட்டார் இருமியது.

அவள் நிறுத்தும் பொத்தானைத் தேடினாள். சுவரில் இருந்த சிவப்புப் பொத்தான்மேல் நிஜ சாமந்தி மாலை கனமாகத் தொங்கியது. அவள் கை மாலைவரை போனது. ஈ.ஈ. அவளைப் பார்த்தபடியே சட்டைப் பையைத் தடவிக்கொண்டார்.

"என்ன வாசனை?" என்றார் பெத்த சார்.

"சாம்பிராணி சார்" என்றார் ஈ.ஈ.

பெத்த சார் கண்ணை மூடி அதை உள்ளிழுத்துக்கொண்டார். தேவசேனாவின் கை மாலையை விட்டது, தட்டிலிருந்து அட்சதை எடுத்தது, தூவியது.

எரிந்த மோட்டாரைப் பற்றி விசாரணை நடக்காமல் இல்லை. முறைப்படி நடந்தது. குழு வந்து திரையைப் பார்த்தது. தொட்டி நிறைந்திருந்தது, சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஆகவே மோட்டார் எரியவில்லை என்று ஒருமனதாக முடிவானது. எரியாத மோட்டாருக்கு மாற்று மோட்டார் வாங்க விதியில் இடமில்லை. அதற்குப் பதிலாக, அந்தத் திரையை ஒவ்வொரு குடிமகனின் போனிலும் கொண்டுவந்து சேர்த்தார்கள். சுத்துப்பட்டு ஊரெல்லாம் அதையே ஸ்டேட்டஸ் வைத்தது.

ஆர்டரும் கைக்கு வந்தது. புத்தூரில் ஸ்வீட் வாங்கிக்கொண்டு தேவசேனா வீட்டுக்குப் போனாள். அந்தத் திட்டத்துத் தண்ணீர் வரும் தெருக் குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. குழாய் புஸ்ஸென்று காற்று விட்டுக்கொண்டிருந்தது. செங்கம்மா ஒரு குடத்தை மகள் இடுப்பில் வைத்தாள்.

"காத்தாலேர்ந்து நின்னுக்கினு கீறோம் தேவி. சொட்டு வர்ல."

"தொட்டி காலிம்மா. வராது."

"இன்னாடி உளர்ற? இதோ பாரு, நெறஞ்சி கீது, மீனு துள்ளுது." செங்கம்மா போனை நீட்டினாள். "நம்ம தெருக் குழாய்லதான் இன்னாவோ அடைப்பு. ஆள் இட்டாரப் போயிருக்காங்க."

"அது நான் வரைஞ்ச தண்ணிம்மா."

"நீ வரைஞ்சதுன்னுதாண்டி தெருவே நம்பிக்கினு கீது."

அப்போது தெருவிலிருந்த போன்கள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கெட்டிமேளம் முழங்கியது. செங்கம்மா பதறிப்போனாள். "ஏய், நல்ல சத்தம் கேக்கறப்போ காலிக் குடத்த வெச்சிக்கினா நிப்பாங்க? மறைங்கடி!"

குழாயடி முழுவதும் குடங்கள் சேலைக்குப் பின்னால் போயின. எல்லாரும் போனைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

 தேவசேனாவும் தன் இடுப்பிலிருந்த குடத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.