முழங்கை மடிப்பில் ஐந்து வார்த்தைகள்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் நலம் என்று எழுத வேண்டும். அது இன்னும் முடிவாகவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே.

நேற்று அந்த ஆராய்ச்சிக்குப் போய் வந்தோம். பக்கவாதத்தில் பிழைத்த என்னைப் போன்ற கிழங்களை வருஷம் ஒருமுறை கூப்பிட்டு ரத்தம் எடுத்து, பிறகு ஐந்து வார்த்தை சொல்லி, பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். மூளை தேய ஆரம்பித்தால் ரத்தத்தில் முன்கூட்டியே ஏதாவது அடையாளம் தெரிகிறதா என்று பார்க்கிறார்களாம். அதாவது நான் வாயைத் திறக்குமுன் என் ரத்தமே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். என் பையன், உன் மருமகன் வேறு, "மார்க் குறைஞ்சா வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடணும்ப்பா" என்று சொல்லிவிட்டான். அங்கே பத்தாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல்.

மார்க் குறையும் என்ற பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. போன மாதம் வாசல் சாவி சர்க்கரை டப்பாவுக்குள் கிடந்தது, குழாய் ஒரு மதியம் முழுக்க ஓடியது, என் மூக்குக்கண்ணாடி வாஷிங் மெஷினில் சட்டைகளோடு சுற்றியது, எதைக் கேட்டாலும் உன் அண்ணி, "நீங்கதாங்க வச்சீங்க, வேற யாரு இருக்கா இங்க?" என்கிறாள். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் பக்கவாதம் வந்தவன் நான் ஒருவன்தான். யாரிடம் போய் அப்பீல் செய்வது? (இரு, அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன். அணைந்துதான் இருக்கிறது.)

அதனால் போன வருஷத்து வார்த்தைகளையே ஒரு மாதம் மனப்பாடம் செய்தேன். குடை, ஆடு, சாவி, பாலம், ஆரஞ்சு. தினமும் காபி குடிக்கும்போது உன் அண்ணி பேப்பரைப் பார்த்துக் கேட்பாள், நான் சொல்வேன். கேள்வி கேட்பவர் பேப்பரைப் பார்க்கலாம், அதில் தவறில்லை. ஆனாலும் அங்கே போய் மறந்துவிடுவேனோ என்று மனசு கேட்கவில்லை. நாற்பது வருஷம் பரீட்சை ஹாலில் பிட் அடித்த பையன்களைக் காதைத் திருகிப் பிடித்த தலைமையாசிரியனான நான், நேற்று காலை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, முழங்கை மடிப்பில் ஐந்தையும் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

முதலில் ரத்தம் எடுப்பார்கள் என்பதை மறந்துபோனேன். நர்ஸ் சட்டையைச் சுருட்டினாள், பார்த்தாள், ஸ்பிரிட் பஞ்சால் ஆட்டையும் பாலத்தையும் துடைத்தாள். "பரவால்ல சார், இந்த வருஷம் வேற வார்த்தைங்க" என்றாள். எனக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. பிறகு கேட்டதற்கு என்ன சொன்னேனோ, எனக்கே தெரியாது. நோய் வராதவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட வேண்டும் என்று கூட வந்தவர்களையும் உட்காரவைத்தார்கள். உன் அண்ணி ஜம்மென்று சோதனையை முடித்துவிட்டு, "ரொம்ப சுலபங்க, இதுக்கா இவ்ளோ அலட்டுனீங்க?" என்று பஸ்ஸில் வழி முழுக்கச் சிரித்தாள்.

சனிக்கிழமை நீ வரும்போது உன் மருமகனும் இருப்பான். எனக்குப் பரிந்து நாலு வார்த்தை பேசு. சர்க்கரை டப்பா விஷயத்தை மட்டும் மூச்சு விடாதே.

பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படிக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
அடுப்பை மறுபடியும் பார்த்துவிட்டு வந்த உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் நர்ஸ் போன் செய்தாள். ரத்த முடிவு வர நாளாகுமாம். ஞாபகத்தில் எனக்குப் போன வருஷ மார்க்கே, ஐந்துக்கு நாலு. உன் அண்ணிக்கு ஒன்று. டாக்டர் அவளை மறுபடியும் பார்க்க வேண்டுமாம். அவளுக்கு இன்னும் தெரியாது, உள்ளே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு என் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அதனால் மேலே எழுதியதை விட்டுவிடு. சனிக்கிழமை எனக்காகப் பரிந்து பேச வேண்டாம், பத்தாவது மாடிக்கே போகிறோம். சர்க்கரை டப்பா விஷயத்தை எல்லோரிடமும் தாராளமாகச் சொல். சாவியை அதில் போட்டது நான்தான். குழாயைத் திறந்துவிட்டதும் நான்தான். உன் அண்ணி கேட்டாலும் அப்படியே சொல்.