எழுதாமல் விட்ட வாடகை வீடு

எளிமையானவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. உண்மையில் நான் சோம்பேறி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு விளங்க, ஒரு மனிதர் இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். நாற்பது வயதில், பி.எஃப். கடனையும் மனைவியின் நகையையும் போட்டு, குற்றாலம் போகும் வழியில் ஒரு சின்ன வீடு வாங்கினேன். கீழே இரண்டு அறை. வெளிப்பக்கம் மொட்டை மாடிக்கு ஒரு படிக்கட்டு. அதற்குக் கைப்பிடி கிடையாது. (எனக்கு விற்றவரும் எளிமையானவர்தான் போல.) வாடகை வந்தால் வயசான காலத்துக்கு ஆகும் என்று நினைப்பு.

மனைவி பூங்கொடியின் தம்பி இசக்கிராஜ் வக்கீல். நான் கேட்காமலேயே பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு வாடகை ஒப்பந்தம் அடித்துக்கொண்டு வந்தான். உள்வாடகைக்கு விடக் கூடாது, வெளியாட்களைத் தங்கவைக்கக் கூடாது என்று வரிசையாக இருந்தது. கூடவே இன்சூரன்ஸ் போடச் சொன்னான்.

"ஏ மாப்ள, வீட்டை வாடகைக்கு விடுதேனா, நாட்டைப் பிரிச்சுக் கொடுக்கேனா?" என்றேன்.

"நாளைக்கு ஒண்ணுன்னா கையில பேப்பர் வேணும் அத்தான்."

கையெழுத்துப் போட்டு ராஜ்யத்தைத் தொலைத்த மன்னர்களைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவன் நான். அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பதுதான். பன்னிரண்டு பக்கமும் பீரோ மேலே போயின. "அந்தப் படிக்குக் கைப்பிடியாவது வைங்க" என்றாள் பூங்கொடி. பொங்கல் லீவில் பார்க்கலாம் என்றேன். எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை.

வாடகைக்கு வந்தவர் பரமசிவன் அண்ணாச்சி. நேந்திரங்காய் சிப்ஸ் வியாபாரம், நெற்றி நிறைய விபூதி. "நமக்குள்ள எதுக்கு சார் பேப்பர்? வாக்குதான் பெருசு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாதம் பிறந்தால் வாடகையை ரொக்கமாக, ஒரு சிப்ஸ் பொட்டலத்தோடு வீட்டில் கொண்டுவந்து தந்துவிடுவார். இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும்?

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. ஒருநாள் அந்தப் பக்கம் போனால், வீட்டுக்குள் பதினைந்து பேர், கொடி நிறைய ஈரத்துண்டு.

"யாரு அண்ணாச்சி இவங்க?"

"நம்ம சொந்தக்காரங்க சார். குளிக்க வந்திருக்காவ."

அடுத்த வாரம் வேறு பதினைந்து பேர். சம்பந்தி வீட்டு வகை என்றார். எவ்வளவு பாசமான குடும்பம் என்று பூங்கொடியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் பீரோ மேலே பார்த்தாள். மூன்றாவது முறை போனபோது ஒரு வேன் வந்து நின்றது. நானே வாசலில் நின்று, "வாங்க, நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கோங்க" என்று ஒரு அக்காவின் பையை வாங்கி உள்ளே வைத்தேன். அந்த அக்கா சந்தோஷமாக என்னைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் இருக்கும்போது போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. வேனில் வந்தவர்களில் ஒருவர், சாத்தூர் மாரியப்பன், லாரி டிரைவர், மாடிப்படியில் பாசி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

ஸ்டேஷனில் பரமசிவன் அண்ணாச்சி கையைக் கட்டி நின்றார். "நான் அங்கன கூட்டிப் பெருக்கிட்டுக் கிடக்கேன் ஐயா. லாட்ஜ் சாரோடது. மாசாமாசம் வசூலை அவுக வீட்டுல கொண்டுபோய்க் கொடுத்துருதேன்."

"வாடகைக்கு விட்டதுக்குப் பேப்பர் இருக்கா?" என்றார் எஸ்.ஐ.

"வாக்கு இருக்கு சார்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற அக்கா போனை நீட்டினார். அதில் நான் பையும் சிரிப்புமாக இருந்தேன். "இவருதான் ஓனர். நல்லாத்தான் கவனிச்சாரு" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். மாரியப்பன், "பாசி சார். நானும் பார்த்து நடந்திருக்கணும்" என்றார். திட்டியிருக்கலாம்.

கோர்ட்டில் இசக்கிராஜ் எனக்காக என்னென்னவோ பேசினான். பேசத்தான் முடிந்தது, காட்ட ஒன்றும் இல்லை. கடைசியில் வீட்டை விற்று மாரியப்பனுக்குக் கொடுத்தேன். அது அவருக்குக் காணாது. அந்த இடுப்போடு இடது காலால் கிளட்சை மிதிக்க முடியாது, லாரி வேலை போய்விட்டது. பூங்கொடியின் கழுத்து வெறுங்கழுத்தாகவே நின்றது. அண்ணாச்சி வேறு ஊரில் சிப்ஸ் போடுகிறாராம்.

பள்ளியில் எனக்கு 'லாட்ஜ் சார்' என்று பெயர் விழுந்தது. வீட்டில் அதைவிட மோசம். ஒவ்வொரு சீசனுக்கும் இசக்கிராஜ் யாருடைய போனிலிருந்தாவது குரலை மாற்றி, "சார், ரூம் இருக்கா?" என்று கேட்பான். பின்னால் அவன் வீடே சிரிக்கும். நானும் ஏதாவது பதில் சொல்வேன். சிரிக்கவைத்தால் குற்றம் கொஞ்சம் குறைகிற மாதிரி இருக்கும்.

போன வருஷமும் சாரல் நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து வந்தது. "சார், ரூம் எதும் இருக்குமா?"

"இருக்கு. வந்து விழுந்து எந்திரிச்சுட்டுப் போங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.

"சார், சாத்தூர் மாரியப்பன் பேசுறேன். அம்மா ஒரு தடவை அருவியில குளிக்கணும்னு ஆசைப்படுறாங்க. உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல, படி ஏறாம கீழேயே ஒரு ரூம் கிடைக்குமான்னு கேக்கத்தான்..."

நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கே வரச் சொன்னேன். இரண்டு நாள் இருந்தார்கள். பூங்கொடி தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தாள். அந்த அம்மா அருவியில் நின்றபோது, மாரியப்பன் கம்பை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்றார். நானும் குளிக்காமல் பக்கத்தில் நின்றேன். போனில் நான் சொன்னதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நடந்ததைப் பூங்கொடி சொல்லிக் கேட்ட பிறகும் இசக்கிராஜ் சீசனுக்கு, "ரூம் இருக்கா அத்தான்?" என்று கேட்கத்தான் செய்கிறான். போனில் அல்ல. நேரில் வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறான்.