பெயர் போடாத பழுப்புப் பொட்டலம்

மார்லோ க்ரீக், ஒஹாயோ
1907 அக்டோபர்

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை வெண்டல் அவர்களுக்கு, மைத்துனன் ஆரின் பிக்ரெல் வந்தனத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், குதிரை, கோழிகள் எல்லாம் கர்த்தர் கிருபையால் சௌக்கியம். அங்கே நீரும் என் தங்கை ஹெட்டியும் குழந்தைகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன். என் மானம் மட்டும்தான் சௌக்கியமாக இல்லை. அதற்குக் காரணம் நீர்.

போன நன்றித் திருநாள் விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே நீர் சொன்னது நினைவிருக்கிறதா? "மச்சான், உங்க வயித்து இரைச்சலுக்கு எங்க மருந்துக் கம்பெனியோட ஜீரண சஞ்சீவிதான் சரி. டாக்டரம்மா அமீலியாவுக்கு ஒரு கடுதாசி போடுங்க. பேரே போடாத பழுப்புத் தாள்ல சுத்தி, ஊருக்குத் தெரியாம அனுப்பிடுவோம்" என்றீர். டாக்டரம்மா அமீலியா என்று யாரும் கிடையாது, 'பெண்களின் அந்தரங்கக் கடிதங்களில் ஆண் கண் படாது' என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டுவிட்டு, அத்தனைக்கும் மீசையை முறுக்கிக்கொண்டு பதில் எழுதுவது நீர்தான் என்று தெரிந்தும் நான் எழுதினேன் பாரும், என்னைச் சொல்ல வேண்டும். ஆனால் தேவாலயப் பாடகர் குழுவில் லூசிண்டா தார்ப் அம்மாளுக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். போதகர் ஜெபத்துக்குத் தலை குனியச் சொல்வார், சபையே நிசப்தமாகும், உடனே என் வயிறு பேச ஆரம்பிக்கும். அவள் கணவனை இழந்தவள், நான் மனைவியை இழந்தவன். குளிர் வருவதற்குள் கேட்டுவிடலாம் என்றிருந்தேன். வயிற்றை அடக்காமல் எப்படிக் கேட்பது?

எங்கள் ஊரில் தபால் ஆபீஸ் என்பது ஹைரம் ஸ்டோக்ஸின் மளிகைக் கடையில் ஒரு மூலை. மாவு வாங்க வந்தவர்கள், அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து புகையிலை மெல்லுகிறவர்கள் எல்லோர் முன்னாலும்தான் பார்சல் கொடுப்பான். விதை வந்தால் விதைக் கம்பெனியின் பெயர் இருக்கும். பூட்ஸ் வந்தால் பூட்ஸ் படமே இருக்கும். பெயர் இல்லாமல் ஒன்று வந்தால் அது வெளியே சொல்ல முடியாத வியாதி என்று ஊருக்கே தெரியும். உம் கம்பெனிக்கு மட்டும்தான் தெரியாது.

"ஆரின், உனக்கு ஒண்ணு வந்திருக்குப்பா! பேரு போடாதது!" என்று ஹைரம் கத்தினான்.

"குலுக்கிப் பாரு, தண்ணி மருந்தா களிம்பான்னு தெரிஞ்சிடும்" என்றது அடுப்பு மூலை. குலுக்கியும் பார்த்தான்.

அதோடு விட்டதா? உம் கம்பெனி என் விலாசத்தை மற்ற மருந்துக் கம்பெனிகளுக்கெல்லாம் விற்றுவிட்டது. காது மந்தத்துக்கு ஒரு பொட்டலம், வழுக்கைக்கு ஒன்று, பிள்ளை பெற்றவளின் இடுப்பு வலிக்கு ஒன்று. ஹைரம் எனக்கென்று ஒரு பிஸ்கட் பீப்பாயையே ஒதுக்கிவிட்டான். அதையும் பொறுத்துக்கொண்டேன். கடைசியாக வந்ததில்தான் மாப்பிள்ளை, பெயர் போட்டிருந்தது. 'குடியை மறக்கடிக்கும் மாத்திரை' என்று கொட்டை எழுத்தில். அந்த நேரம் பார்த்து லூசிண்டா சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் மதுவிலக்குச் சங்கத்துக்குத் தலைவி அவள். அவளுடைய புருஷன் குடித்தே செத்தவன்.

"மிஸ்டர் பிக்ரெல், இது உங்களுக்கா?"

"சத்தியமா நான் தொட்டதே இல்லீங்க. கம்பெனிக்காரன் பண்ணின கோளாறு."

"எங்க வீட்டுக்காரரும் தொட்டதே இல்லேன்னு சொல்லிக்கிட்டேதான் செத்தாரு. அப்ப போன ஞாயித்துக்கிழமை அவ்வளவு சத்தமா பாடினீங்களே, அது எதனால?"

உம் சஞ்சீவியால்! அதில் பாதி சாராயம்தானே! ஒரு கரண்டி உள்ளே போனால் வயிறு அடங்குகிறது, வாய் அடங்க மாட்டேன் என்கிறது. ஆனால் அதைச் சொன்னால் வயிற்றுக் கதையைச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். வயிறு பேசியது.

"நான் மனசு விட்டுப் பேசுற பொம்பளை ஒருத்தங்க இருக்காங்க. அவங்களைக் கேட்டுட்டுத்தான் இனிமே உங்ககிட்ட பேச்சு" என்று சர்க்கரையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். போதகரின் மனைவியாகத்தான் இருக்கும். அந்த அம்மாளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. அன்றிலிருந்து லூசிண்டா பாடகர் குழுவில் அந்தக் கோடிக்குப் போய் நிற்கிறாள்.

மாப்பிள்ளை, எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. இந்த வயதில் எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன். சாப்பாட்டு மேஜையில் எதிரே ஆள் இல்லாமல் இன்னொரு குளிர்காலத்தை என்னால் தள்ள முடியாது. ஆகையால் நீர் உடனே ரயிலேறி வந்து, அவள் முன்னால் நின்று, டாக்டரம்மா அமீலியா என்பதே புரட்டு, இந்த மனுஷனுக்கு வயிற்று இரைச்சலைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது என்று சொல்லியாக வேண்டும். வராவிட்டால் எல்லாவற்றையும் பத்திரிகைக்கு எழுதிவிடுவேன்.

ஹெட்டிக்கு என் ஆசீர்வாதம், குழந்தைகளுக்கு முத்தங்கள். உமக்குக் கர்த்தர் நல்ல புத்தி கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த மைத்துனன்
ஆரின் பிக்ரெல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது லூசிண்டா கதவைத் தட்டினாள். கையில் ஒரு கடிதம். அவள் மனசு விட்டுப் பேசுகிற பொம்பளை போதகரின் மனைவி இல்லையாம், டாக்டரம்மா அமீலியாவாம்! புருஷன் செத்ததிலிருந்து எழுதுகிறாளாம், இப்போது என்னைப் பற்றியும் கேட்டிருக்கிறாள். "இந்த உலகத்துல என்னைப் புரிஞ்சவங்க இவங்க ஒருத்தங்கதான்" என்று சொல்லிவிட்டு எனக்குப் படித்துக் காட்டினாள். 'மகளே, குடிகாரனுக்கு வெட்கம் இருக்காது. உன் பக்கத்தில் நிற்பதற்காக வயிற்றோடு போராடுகிறவனை நம்பலாம். அவன் நல்லவன், தனியாக இருக்கிறான்' என்றிருந்தது. மருந்து கேட்டு நான் எழுதிய கடுதாசியை நீர் மறக்கவில்லை. உம் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கண் கலங்கிவிட்டது மாப்பிள்ளை. அங்கேயே கேட்டேன், சரி என்றாள். டிசம்பரில் கல்யாணம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். இப்போது வந்து எதையும் சொல்லித் தொலைக்காதேயும். ஒரே சிக்கல், முதல் அழைப்பை லூசிண்டா டாக்டரம்மாவுக்குத்தான் எழுதப்போகிறாளாம். உடம்புக்கு முடியவில்லை என்று பதில் போடும். சாகடித்துவிடாதேயும், லூசிண்டா தாங்க மாட்டாள். பெரிய வியாதியும் வேண்டாம், பார்த்துக்கொள்ள மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பரிசாக ஏதாவது அனுப்பும். பழுப்புத் தாளில் வேண்டாம். வெளியே 'டாக்டரம்மா அமீலியா' என்று கொட்டை எழுத்தில் பெயர் போட்டு அனுப்பும். ஹைரம் அதை ஊர் கேட்கக் கத்தட்டும்.