ஓரகத்தி வீட்டு ஜப்பான் மழை

பொறாமையே தெரியாது என்று ஒருத்தி சொன்னால், அவளுக்கு ஓரகத்தி இல்லை என்று அர்த்தம். எனக்கு இருக்கிறாள். பெயர் சுமதி. என் கொழுந்தனின் மனைவி. இதே சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் இருக்கிறாள். நல்லவள்தான். (அதுதான் பிரச்சினையே. கெட்டவளாக இருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம்.)

சில வருடங்களுக்கு முன் அவள் தன் வீட்டு ஹாலில் ஒரு படம் மாட்டினாள். அந்தக் காலத்து ஜப்பானியர்கள் மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த படங்களை இப்போது கையாலேயே பார்த்து வரைந்து விற்கிறார்களே, அந்த வகை. கொட்டும் மழை, ஒரு மரப்பாலம், குடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஓடும் நாலைந்து பேர், கீழே நீலமாக ஆறு. அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வந்த என் மாமியார், பிடோக்கில் என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "சுமதி வீட்டு ஹால்ல உட்கார்ந்தா ஜில்லுன்னு இருக்கும்மா. ஏர்கானே வேணாம் போல" என்றார். என் வீட்டு ஏர்கான் அப்போது முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அதை அணைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன் சுமதி, படத்தைப் பார்க்கணும்" என்று போன் செய்துவிட்டுப் போனேன். படம் உண்மையிலேயே அழகு. "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சின்னதோ?" என்றேன். அவள் காப்பி போட உள்ளே போனதும் கைப்பேசியை எடுத்து, சத்தமில்லாமல் ஒரு போட்டோ. எங்கே வாங்கினாய் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்பதா? அதுவும் நானா?

எந்தப் படத்தை அனுப்பினாலும் கையால் வரைந்து தரும் ஓர் ஓவியரை இணையத்தில் பிடித்தேன். அவள் படத்தைவிட இரண்டு மடங்கு அளவு சொன்னேன். ஓவியர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: போட்டோவில் தெரிவதெல்லாம் அப்படியே வேண்டுமா, இல்லை சிலவற்றை விட்டுவிடலாமா? எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சுமதி படத்தில் இருக்கும் ஒன்று என் படத்தில் இல்லாமல் போவதா? எல்லாமே வேண்டும், ஒரு புள்ளிகூட விடக்கூடாது என்று பதில் போட்டேன்.

தீபாவளிச் சாப்பாடு எப்போதும் மூத்தவர் வீட்டில், அதாவது எங்கள் வீட்டில். படம் முந்தின நாள் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. என் கணவர் சுவரில் ஓட்டை போட்டு மாட்டினார். நான் முறுக்கு மாவுக் கையோடு அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். பெரிதாக இருந்தது. எனக்கு அது போதும். மேலே ஒரு பட்டுச் சேலையைப் போட்டு மூடிவைத்தேன். (ஆமாம், திறப்பு விழாதான். சிரிக்காதீர்கள்.)

மறுநாள் சாப்பாடு முடிந்து எல்லாரும் ஹாலுக்கு வந்ததும் சேலையை உருவினேன்.

"ஜப்பான்ல சொல்லி வரவழைச்சேன். சுமதி படம் மாதிரி இருக்கேன்னு நினைக்காதீங்க. இது ஒரிஜினலையே பார்த்து வரைஞ்சது" என்றேன்.

மாமியார் கிட்டே போய்ப் பார்த்தார். "அது என்னம்மா, பாலத்து ஓரத்துல கறுப்பா?"

அப்போதுதான் நானே பார்த்தேன். வட்டமாக, கொழுகொழுவென்று, மை மாதிரி ஒரு பொட்டு.

"அதுவா... வரைஞ்சவரோட முத்திரை அத்தை. ஜப்பான்ல அப்படித்தான் வைப்பாங்க."

"முத்திரை இல்லக்கா" என்றாள் சுமதி, மெதுவாக. "அது நான் வெச்ச திருஷ்டிப் பொட்டு. என் படத்துக் கண்ணாடி மேல கண்மையால வெச்சேன்."

"படத்துக்குப் போய் யாராச்சும் திருஷ்டிப் பொட்டு வைப்பாங்களா?" என்றார் கொழுந்தன். எங்கே வாயை மூட வேண்டும் என்று அந்த மனிதருக்கு இன்றுவரை தெரியாது.

சுமதி தரையைப் பார்த்தாள். "அக்கா ஞாயித்துக்கிழமை வர்றேன்னு போன் பண்ணாங்கல்ல... அன்னிக்குக் காலையில வெச்சேன்."

அடிப்பாவி! என் கண்ணுக்குப் பயந்தா பொட்டு வைத்தாய்? திருடியது நான் என்பது ஒரு நொடி மறந்தேபோய்விட்டது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"என்னடி பேசறே? உன் படத்தை நான் முழுசாக்கூடப் பார்க்கல. போட்டோ எடுத்தேனா, கீட்டோ எடுத்தேனா? யாராச்சும் பார்த்தீங்களா?"

என் கணவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் அடிப்பக்கம் குனிந்திருந்தார். "ஏம்மா, ஆத்துக்குள்ள ஒரு பொம்பளை நிக்கிறாங்களே, அவங்களும் ஜப்பானா?"

எல்லாரும் குனிந்தார்கள். நீலத் தண்ணீருக்குள் மங்கலாக ஒருத்தி. நெற்றியில் பொட்டு, பூப்போட்ட சுடிதார், இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்த கைப்பேசி, ஒரு பக்கமாகக் கோணிய உதடு. சுமதி படத்துக் கண்ணாடியில் விழுந்திருந்த என் உருவத்தை அந்த நேர்மையான ஓவியர் ஒன்றுவிடாமல் வரைந்திருந்தார்.

"அட, இது நம்ம அண்ணிலா!" என்று கத்தினார் கொழுந்தன்.

மாமியார் அந்தக் கோணல் உதட்டையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "நீ பொட்டு வெச்சது சரிதான் சுமதி" என்றார்.

அவ்வளவுதான், ஹாலே வெடித்துச் சிரித்தது. சுமதி கண்ணில் நீர் வர என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஓடி ஒளிவதற்கு மூன்றறை வீட்டில் இடம் ஏது?

அன்றிலிருந்து சுமதி புதிதாக என்ன வாங்கினாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் எனக்குத்தான் போட்டோ வரும். சோபா, திரைச்சீலை, அரிசி வாளி உட்பட. "அக்கா, நானே அனுப்பிட்டேன். நீங்க சிரமப்பட வேணாம்" என்று கீழே எழுதுவாள். போன மாதம் வந்த போட்டோவில் ஒரு புது ஹாலும், ஜன்னலுக்கு வெளியே நீச்சல்குளமும் தெரிந்தன. காண்டோ என்கிற தனியார் சொகுசு அடுக்குமாடியில் வீடு வாங்கியிருக்கிறார்கள். "அக்கா, இதை எந்தச் சுவத்துல மாட்டப் போறீங்க?" என்று எழுதியிருந்தாள். ஆளாளுக்குச் சிரிப்பு முகமாகப் போட்டுத் தள்ளினார்கள். நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு, அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி, எத்தனை படுக்கையறை என்று எண்ண ஆரம்பித்தேன்.