கத்தரிப்பூ நிறத் துணிக்குப் பின்னால் நான்

உயிரோடு இருக்கும்போதே தன் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிவதைப் பார்க்கிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு வாய்த்தது. அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் கண்ணாடி பார்க்கவே கூச்சமாக இருந்தது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. போரில் இடம்பெயர்ந்து வந்து, துணுக்காய்ப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு குடும்பமாக இருந்தோம். ஓர் அறையில் அம்மா, தங்கச்சி, நான். மற்றதில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த பிலோமினாக்காவும் கணவரும் பிள்ளைகளும். ஹோலும் குசினியும் பொது.

எனக்கு இருபத்திரண்டு வயது. நாலைந்து கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியிருந்தேன். அந்தத் தகுதியில் என்னை நானே ஓவியனாக நியமித்துக்கொண்டேன். ஓவியனுக்கு ஸ்டூடியோ வேண்டாமா? ஹோலின் ஒரு மூலையைக் கயிறு கட்டிப் பிடித்து, "ஓவியக்கூடம். அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது" என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். (குசினிக்குப் போகிற வழியும் அதுதான். அக்காவின் பிள்ளைகள் கயிற்றுக்குக் கீழால் குனிந்து போய்ச் சோறு தின்றார்கள்.)

வர்ணம் வாங்க வழியில்லாத காலம். செங்கட்டித் தூள், மஞ்சள், விளக்குக் கரி, வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலம் எல்லாவற்றையும் விளாம்பிசினில் குழைத்தேன். மாவுப் பையைக் கஞ்சியில் தோய்த்து விறைக்கவைத்துச் சட்டத்தில் அடித்தேன். அதில் என் முதல் மகத்தான படைப்பாக என்னையே வரைந்தேன். (மாதிரிக்கு இருக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை என்று தங்கச்சியிடம் சொன்னேன். பொய். நான் யாரையும் கேட்கவேயில்லை.)

முடியும்வரை வேறு யாரும் பார்க்கக் கூடாதென்று அம்மாவின் பழைய கத்தரிப்பூ நிறச் சேலையில் ஒரு துண்டு கிழித்துப் படத்தை மூடினேன். அங்கேதான் பிழை நடந்தது. உயிர்த்த ஞாயிறுக்கு இரண்டு கிழமை இருந்தது. அந்த நாட்களில் கத்தோலிக்கர் தங்கள் சுரூபச் சிலைகளையும் படங்களையும் அதே நிறத் துணியால்தான் மூடி வைப்பார்கள். சைவக்காரனான எனக்கு அது தெரியாது.

"யாற்ற படம் தம்பி?" என்று கேட்டார் பிலோமினாக்கா.

"இப்ப சொல்ல மாட்டன் அக்கா. ரெண்டு கிழமையில துணி எடுப்பன்."

அக்கா துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. "எங்கட ஆண்டவரின்ர திரு இருதயப் படத்தை வீட்டில விட்டிட்டு ஓடி வந்தம் எண்டு சொன்னனான். நீர் அதை மனசில வச்சிருக்கிறீர் என்ன?"

சொல்லியிருந்தார்தான். அப்போது நான் என் மீசை சரியாக வந்திருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரமே அயல் பெண்கள் நாலு பேர் வந்து கயிற்றுக்கு வெளியே முழந்தாளிட்டார்கள். கிடைப்பதற்கே அரிதான மெழுகுதிரியில் ஒரு துண்டை ஏற்றிவிட்டுப் பாடத் தொடங்கினார்கள். குசினி வாசலில் நின்ற எனக்கு உடம்பு சிலிர்த்தது. வீடு, வள்ளம், வலை எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள் இப்படி ஒரு குறையுமில்லாதவர்கள் போலப் பாட முடியுமா? நாங்கள் உடுப்புக் காயப்போடுகிற ஹோல் அது. எனக்கு அங்கே செருப்போடு நிற்கப் பயமாக இருந்தது. கழற்றிவிட்டு நின்றேன்.

அதன் பிறகுதான் அவ்வளவு பாட்டும் என் மீசைக்குப் போகிறது என்பது உறைத்தது.

"அண்ணா, உனக்கு நரகம்தான்," என்று காதுக்குள் சொன்னாள் தங்கச்சி.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அக்கா அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். ஆகவே மத்தியானங்களில், எல்லோரும் கிணற்றடிக்குப் போனதும், துணிக்குள் தலையை விட்டு என்னை ஆண்டவராக்கத் தொடங்கினேன். மீசையைத் தாடியோடு சேர்த்தேன். சேர்ட்டை அங்கியாக்கினேன். மஞ்சளில் ஒளிவட்டம், செங்கட்டியில் இருதயம். விடைத்த காதுகளை நீளமுடியால் மூடினேன். மூக்கை எதனால் மூடுவது? சுரண்டினால் பை கிழிந்துவிடும்.

உயிர்த்த ஞாயிறு காலை அக்கா துணியை எடுத்தார். ஒளிவட்டம் இருந்தது, இருதயம் இருந்தது, நடுவில் என் மூக்கும் இருந்தது. தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். ஆனால் அந்தப் பெண்கள் சிலுவை அடையாளம் இட்டார்கள். ஒருவர் விம்மி அழுதார். மாவுப் பையிலும் மஞ்சள் தூளிலும் அவர்கள் எதைக் கண்டார்களோ, வரைந்த எனக்கு அது தெரியவில்லை.

அவர்கள் போனதும் அக்காவிடம் போய் நின்றேன். "அக்கா, அது முதல்ல என்ர படம்."

"தெரியும். முதல் நாள் செபம் முடிய துணியைத் தூக்கிப் பாத்தனான்."

"பிறகேன் இவ்வளவு நாளும் செபம் சொன்னனீங்கள்?"

"வந்தவையளுக்கு நான் என்னெண்டு சொல்லுறது? ஆண்டவரே, இந்த மூஞ்சையை எப்பிடியாவது மாத்தும் எண்டு மண்டாடினனான். முக்கால்வாசி கேட்டிட்டார்."

அதன் பிறகு வந்த இடப்பெயர்வுகளிலெல்லாம் அந்தப் படம் அக்கா வீட்டுச் சைக்கிள் கரியரில் போனது. இப்போது கடற்கரையில் அவர்களுடைய புது வீட்டில் தொங்குகிறது. ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறுக்கும் அக்கா எனக்குப் போன் எடுப்பார். சுகம் விசாரித்து முடிந்ததும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்:

"தம்பி, மூக்குக்கு இன்னும் மண்டாடிக்கொண்டுதான் இருக்கிறன்."