ஏழு ஒன்றும் ஒரு சம்பந்தியும்

தென்காசி
22-7-1968

மதிப்பிற்குரிய மச்சான் முகம்மது இஸ்மாயில் அவர்களுக்கு, கிதிர் முகம்மது சலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். ராயகிரியில் தாங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

தங்கள் மருமகள், என் மகள் ராபியாவின் நிக்காஹ் வருகிற ஞாயிறு. அது நடப்பதும் நிற்பதும் இப்போது 239 என்ற எண்ணின் கையில் இருக்கிறது.

நிச்சயத்தன்று இலஞ்சி சம்பந்தி மசூது சாகிபையும் என்னையும், ரெண்டு கணக்கு வாத்தியார்களை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்ததே தப்பு. வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். ஏழு ஒன்றை வரிசையாக எழுதினால் வருகிற 11,11,111 போல இந்த ஜோடியை யாராலும் வகுக்க முடியாது, அது பகா எண், நானே வகுத்துப் பார்த்திருக்கிறேன் என்று சபையில் அளந்துவிட்டேன். பார்த்தது 37 வரைதான், அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை. "எண்ணுல பொய் சொல்லுதவரு எதுலயும் சொல்லுவாரு. நான் வகுத்துப் பாக்கேன். மீதி இல்லாமப் போச்சுன்னா சம்பந்தமும் இல்ல" என்றார்.

அன்றிலிருந்து தினம் அசர் தொழுதுவிட்டு ஒரு பகா எண்ணால் வகுக்கிறார். இரண்டிலிருந்து தொடங்கினார் மச்சான், ஒன்றில் முடிகிற எண்ணை இரண்டால் வகுத்துப் பார்க்கிற மனுஷனை என்ன செய்ய. பயந்துபோய் நானும் வகுத்தேன். 239-ஐ 4649-ஆல் பெருக்கினால் அச்சாக அந்த எண் வருகிறது. ஒரு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய சிலேட்டைக் கை தவறியது போல உடைத்தேன், மறுநாள் இரண்டு வாங்கிவிட்டார். ஐந்தருவிக்கு அழைத்துப் போனேன், குளித்து ஈரத்துண்டோடு உட்கார்ந்து பாறையில் கரிக்கட்டையால் 193-ஐ முடித்துவிட்டார்.

இன்று 227. நாளை 229, புதன் 233, வியாழன் 239. ஆகவே தாங்கள் புதன்கிழமை பஸ்ஸில் வந்து, அவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், ஞாயிறு காலை வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தாங்கள் பேசினால் எதிராளி கை கால் அசைக்க முடியாது என்று தங்கள் தங்கை நூருன்னிசாவே சொல்லுகிறாள். என்னால் அது ஆகாது. தங்கள் கல்யாணப் பந்தியில், சகன் தட்டுக்கு நாலு பேர் வீதம் 43 சகனுக்கு 174 பேர் என்ற தங்கள் பெரியாப்பாவை, 172 என்று எழுந்து நின்று திருத்தி, மூன்று வருஷம் பேச்சில்லாமல் கிடந்தவன் நான். தப்புக் கணக்கைக் கண்டால் என் வாய் நிற்காது.

பெரியவர்களுக்கு என் சலாமும் குழந்தைகளுக்கு என் ஆசிகளும் சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்
கிதிர் முகம்மது

பி.கு.: உறையை ஒட்டும்போது சம்பந்தியே சிலேட்டோடு வந்துவிட்டார். வியாழன் முதல் கல்யாண வேலை இருக்கிறதாம், மூன்று எண்ணையும் இன்றே முடித்துவிட்டாராம். "239-க்கு மீதி நூறு. நீரு சொன்னது சரிதான்வே, இனி மேல வகுக்கல" என்று என் கையைப் பிடித்தார். நான் சிலேட்டைப் பார்த்தேன். 1171-இல் 956 போனால் 215. அவர் 225 என்று எழுதியிருந்தார். நூருன்னிசா கதவுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டுகிறாள், வேண்டாம் என்று. நான் பல்பத்தை வாங்கித் திருத்திவிட்டேன்.

அவர் அங்கிருந்து மறுபடி வகுத்து முடித்தார், மீதி இல்லை. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். ஒரு மாதம் என்றேன். எழுந்து செருப்பை மாட்டினார். என் உயிர் போய்விட்டது. வாசலில் நின்று சொன்னார்: "சபையில பொய் சொன்னவரும் நீருதான், இப்பக் கணக்கைத் திருத்துனவரும் நீருதான். நான் திருத்துனவரு வீட்டுலதான் பொண்ணு எடுக்கேன்."

நிக்காஹ் நிச்சயம். ஆனாலும் தாங்கள் புதனன்றே வந்துவிடவும். போகிறபோது, 4649 வகுபடுமா என்று அவர் என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நூருன்னிசா பொத்திவிட்டாள். அவரை விட்டுவிடுங்கள், ஞாயிறு வரை என்னைக் குற்றாலத்தில் பிடித்து வையுங்கள்.