எங்கள் குரூப்பில் ஒரு 'நேர்ல' அண்ணே

வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன பிறகு அலைச்சல் கூடிப்போன ஒரே மனிதர், இந்தியாவிலேயே எங்கள் 'நேர்ல' அண்ணேதான். அவருக்கு வேறு பெயர் உண்டு. சம்பளச் சீட்டில் இருக்கும். போனில் எதைக் கேட்டாலும் "நேர்ல வாரேன் மாப்ள" என்று வைத்துவிடுவார். அதுவே பெயராகிவிட்டது.

ஆன்லைனில் செருப்பு விற்கும் ஒரு கம்பெனிக்கு வரும் புகார்களுக்கு மெயிலில் பதில் எழுதுவது எங்கள் ஒன்பது பேரின் வேலை. கொரோனாவில் மாட்டுத்தாவணிப் பக்கமிருந்த ஆபீசைப் பூட்டியவர்கள் அப்புறம் திறக்கவே இல்லை. ஆரப்பாளையத்தில் என் வீட்டுக் கட்டில் ஓரம் ஆபீசாகிவிட்டது. காலையில் உட்கார்ந்தால் இடது கால் இறுக்குகிறது, வலது கால் வந்தே சேரவில்லை என்று ஊர் உலகமெல்லாம் என்னிடம் அழும். மதியத்துக்குள் மனுசக் குரலே வேண்டாம் என்றாகிவிடும்.

அப்போதுதான் சமயநல்லூரிலிருந்து அண்ணே வண்டி வந்து நிற்கும். குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டுவிட்டு, அது கிடைத்ததா என்று கேட்க நேரில் வருவார். யாருக்காவது பிறந்தநாள் என்றால் நாங்கள் ஒரு கேக் பொம்மையைத் தட்டிவிட்டு ஒதுங்குவோம். அவர் ஜிகர்தண்டா வாங்கிக்கொண்டு போய், வழியில் உருகிவிட்டதே என்று வருத்தப்படுவார். வீடியோ மீட்டிங்கில் ஒரு பெண்ணின் முகம் வாடித் தெரிந்தது என்று திருமங்கலம் வரை போய்விட்டார். அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. வீட்டில் கரண்ட் போயிருந்தது.

என் வீட்டுக்கு மட்டும் வாரத்தில் நாலு நாள். "நீ வேலையப் பாரு மாப்ள, நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்பார். அது மட்டும் அவரால் முடியாது.

ஒரு திங்கட்கிழமை எனக்குக் கழுத்து வலி. நாற்பது பதில்கள் தேங்கிக் கிடந்தன. பக்கத்தில் உட்கார்ந்து என் ஸ்க்ரீனைப் படித்த அண்ணே, "இந்தம்மா ரொம்ப மனசு விட்டு எழுதிருக்கு. திருச்சிதான? ஒரு எட்டு நேர்ல போய்ப் பாத்துட்டா என்ன?" என்றார்.

அவர் கிளம்பியதும் மேனேஜருக்கு எழுதிவிட்டேன். வேலை நேரத்தில் வந்து தொந்தரவு செய்கிறார், நிறுத்துங்கள் என்று. என் பெயர் வெளியே வர வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

மூன்றாம் நாள் மதியம் அதே வண்டிச் சத்தம். என் மனைவி டீ போடப் போனாள்.

"மாப்ள, வேலை நேரத்துல இன்னொருக்கா எவன் வீட்டுக்காச்சும் போனா வேலை போயிருமாம். மேனேஜர் சொல்லிட்டாரு."

"இப்ப வேலை நேரம்தாண்ணே. எங்க வீட்லதான் உக்காந்திருக்கீங்க."

"இம்புட்டுப் பெரிய விசயத்த ஒங்கிட்டச் சொல்ல வேணாமா?"

டீ வந்தது. ஊதி ஊதி ஒரு வாய் குடித்தார். "நம்மள்ல எவனோதான் எழுதிருக்கான். தனியாவே கெடந்து மனசு வெறுத்துப் போச்சு போல, பாவம். பேரு தெரிஞ்சா ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்துருவேன்."

எனக்குத் தாங்கவில்லை. "நான்தாண்ணே எழுதுனேன்."

அண்ணே டீயை முழுக்கக் குடித்தார். டம்ளரை அடுப்படி வரை கொண்டுபோய் வைத்தார். "போய்ட்டு வாரேன்த்தா" என்று என் மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் வரவில்லை. ஸ்க்ரீனில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி காலையிலிருந்து சாயங்காலம் வரை அசையாமல் எரிந்தது. நான் கேட்ட அமைதி கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் ஓடவில்லை. புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினேன். ரூல் போட்டால் போட்டதுதான் என்று, அந்த ரூலையும் கீழே ஒட்டிப் பதில் வந்தது.

அந்த ரூலை நாலு தடவை படித்தேன். அண்ணே யார் வீட்டுக்கும் போகக் கூடாது, அவ்வளவுதான். அவர் வீட்டுக்கு யாரும் போகக் கூடாது என்று அதில் இல்லை. மறுநாள் காலையில் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்த மன்னிப்பை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன்.

"சார்ஜர் கொண்டாந்தியா மாப்ள?" என்றார்.

தலையாட்டினேன். ஃபேனுக்கு நேர் கீழே கிடந்த தன் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, தனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். எத்தனையோ மாதம் கழித்து, அன்றைக்குத்தான் எனக்கு ஆபீசுக்குப் போன மாதிரி இருந்தது.